மார்ச் எட்டா, ஆகஸ்ட் மூன்றா?

போன செவ்வாய்க்கிழமை தாம்பரத்தில் என் பேங்க்குக்குப் போயிருந்தேன். கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டுமாம். வருஷா வருஷம் நான் நான்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

படிவத்தில் பிறந்த தேதிக்குக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். நான் கட்டங்களை விட்டுவிட்டேன். மேலே இருந்த வெற்றிடத்தில் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிக் கொடுத்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், நம்பர்ல போடுங்க. மாசத்தோட பேரெல்லாம் எழுதினா சிஸ்டம் எடுத்துக்காது.”

“எடுத்துக்காம இருந்தா நல்லதும்மா” என்றேன்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. எனக்குப் பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். அந்தப் பெண் பாவம், புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒழுங்காகக் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து, யாருடையதோ ஸ்கூட்டரில் என் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன்.

அறுபது தாண்டிய ஒரு ஆள், ஒரு தேதிக்காக ஏன் இப்படி ஆக வேண்டும்?

அதற்கு என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சிரிக்க இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் இந்த வாரம் மன்னிக்கணும்.

அண்ணி பெயர் ரூபி. என் அண்ணன் சாமுவேலின் மனைவி. அண்ணன் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு பேருக்கும் வண்டலூரில் வீடு. பிள்ளைகள் இல்லை. அண்ணி ஒரு சின்ன நர்சரி ஸ்கூலில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தார். முப்பது குழந்தைகளை அடக்கிப் பழகிய குரல். ரேஷன் கடை க்யூவில் யாராவது நடுவில் நுழைந்தால், “டேய், லைன்ல வா!” என்பார். நுழைந்தவர் நரைத்த தலையாக இருந்தாலும் சரி, தானாகப் பின்னால் போய் நிற்பார்!

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆயிற்று. முடி கொட்டி, மறுபடி முளைத்து, இந்த முறை சுருட்டையாக வந்தது. “காசு குடுக்காம பார்லர் போன மாதிரி இருக்கு தம்பி” என்று கண்ணாடி முன் நின்று சிரித்தார். அப்புறம் அவ்வப்போது போய்க் காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் பிப்ரவரியில் அப்படிப் போனபோதுதான் டாக்டரம்மா ஸ்கேனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“ஒரு சின்ன சந்தேகம் இருக்கு. பெரிசா ஒண்ணும் இருக்காது. ரிப்போர்ட் முழுசா வரட்டும். பார்த்துட்டு அடுத்து எப்ப வரணும்னு முடிவு பண்றேன். மெசேஜ் வரும்.”

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மனுஷி எப்படித் தூங்குவார்?

அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். எனக்கு போன் செய்து அதைச் சொன்னார். “சீக்கிரமா கூப்பிட்டாங்கன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்டா. தள்ளிக் கூப்பிட்டாங்கன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உங்களுக்கு?

நாலைந்து நாள் மூன்று பேரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தோம். சாயங்காலம் ஆனால் நான் சிட்லபாக்கத்திலிருந்து வண்டலூருக்குப் போய்விடுவேன். டீ குடிப்போம். போன் டைனிங் டேபிள் மேல் இருக்கும். ஏதாவது கடைக்காரன் ஆஃபர் மெசேஜ் அனுப்பினால்கூட மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போடும்.

கடைசியில் அது வந்தது. நான் அங்கே இருக்கும்போதே வந்தது. அண்ணி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசித்தார்.

“உங்கள் அடுத்த வருகை... ஆகஸ்ட் மூன்று.”

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். மார்ச், ஏப்ரல், மே...

“அஞ்சு மாசம்! ரூபி, அஞ்சு மாசத்துக்கு மேல ஆகுது!”

அண்ணி அப்படியே நாற்காலியில் சாய்ந்து அழுதார். சந்தோஷ அழுகை. அப்புறம் எழுந்து போய் ரவையை வறுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்ட கேசரியில் நெய் சொட்டியது. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சபையில் அண்ணி எழுந்து சாட்சி சொன்னார்.

சாட்சி என்றால் தெரியாதவர்களுக்கு: ஆராதனையின் நடுவில், யாருக்காவது ஆண்டவர் ஏதாவது நன்மை செய்திருந்தால், எழுந்து மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்வது. பரீட்சையில் பாஸானது, வேலை கிடைத்தது, காய்ச்சல் இறங்கியது... எதுவாகவும் இருக்கலாம். கோர்ட்டில் சொல்லும் சாட்சி அல்ல. ஆனால் விசுவாசிகளுக்கு அதைவிடப் பெரியது.

“டாக்டரம்மா சந்தேகம்னு சொன்னாங்க. ஆண்டவர் அந்தச் சந்தேகத்தை எடுத்துப் போட்டார். அஞ்சு மாசம் கழிச்சு வான்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. ஸ்தோத்திரம்!”

சபையே “ஸ்தோத்திரம்” என்றது. நானும் சொன்னேன்.

மே மாதக் கடைசியில் அண்ணிக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. வெயில், வயசு, ஃபேனுக்கு நேர் கீழே படுத்தது... காரணங்களுக்கா பஞ்சம்? ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரலாமே என்று அண்ணன் சொன்னதற்கு, “ஆகஸ்ட்ல போகத்தானே போறோம், அதுக்குள்ள என்ன அவசரம்? அவங்களே அஞ்சு மாசம் வேணாம்னுட்டாங்க” என்றார். ஜூலையில் தைலம் தேய்த்தும் வலி நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி இரண்டு பேரையும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவமனையின் பெயரும் இடமும் வேண்டாம்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? மார்ச் எட்டாம் தேதி வரச் சொன்னேன். ஏன் வரல? இப்ப வந்து நிக்கறீங்க?”

அண்ணி போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினார். டாக்டரம்மா அதைப் பார்த்தார். தன் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். அதில் 08/03 என்று இருந்தது. நாங்கள் நாலு பேரும் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு, மூன்று. மார்ச் எட்டு. எட்டாவது மாதம் மூன்றாம் தேதி.

டாக்டரம்மாவின் கோபம் போய்விட்டது. கோபமாகவே இருந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்குப் போயிருந்தது. கல்லீரலிலும் இருந்தது.

“மார்ச்லயே வந்திருந்தா...” என்று அண்ணன் ஆரம்பித்தார்.

“அதை இப்பப் பேச வேண்டாம் சார்” என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு மாடியில் ஹேமா என்ற பெண் குடியிருக்கிறாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள். தண்ணீர் மோட்டார் போடச் சொல்லிக் கீழே வந்தவளை உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன். இது எப்படி நடக்கும் என்று கேட்டேன்.

அவள் பக்கத்தில் கிடந்த பேப்பரின் ஓரத்தில் 08/03 என்று எழுதினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“சார், 08/03-ன்னு பார்த்தா அது தேதின்னு நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. உங்க பேர் மாதிரி, தெரு பேர் மாதிரி. அதை வச்சு அதால கூட்டிக் கழிக்க முடியாது. ‘ரெண்டு நாள் முன்னாடி மெசேஜ் அனுப்பு’ன்னா அதுக்கு எப்படித் தெரியும்? அதனால அந்த எழுத்தை முதல்ல நேரமா மாத்தணும். உள்ளுக்குள்ள எல்லா நேரமும் ஒரு நம்பர்தான் சார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒண்ணுல இருந்து எத்தனை செகண்டுன்னு நீளமா ஒரு நம்பர்.”

“சரி.”

“மாத்தச் சொல்றப்ப, எது நாள், எது மாசம்னு நாம சொல்லிக் கொடுக்கணும். சொல்லலேன்னா அதுவா ஊகிக்கும். நிறைய இடத்துல அமெரிக்கா பழக்கம்தான். மாசம் முதல்ல, நாள் அடுத்து.”

“அப்படின்னா எல்லாருக்குமே தப்பா போயிருக்கணுமே? யாராவது சத்தம் போட்டிருப்பாங்களே?”

“அதான் சார் கொடுமை. இருபத்தஞ்சாம் தேதின்னு வச்சுக்கோங்க. இருபத்தஞ்சாவது மாசம்னு ஒண்ணு இல்லை. உடனே அதுவே திருப்பிப் போட்டுக்கும். சரியா வந்துடும். டெஸ்ட் பண்ணவங்க அப்படி ஏதாவது ஒரு தேதியைப் போட்டுப் பார்த்திருப்பாங்க. கரெக்டா வந்திருக்கும். பன்னண்டு வரைக்கும் இருக்கற நாளுங்கதான் மாட்டும்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு வரி சார். நாள் முதல்லன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். நானே எத்தனை தடவை எழுதாம விட்டிருக்கேனோ...”

மோட்டாரை மறந்து மாடிக்குப் போய்விட்டாள். பிறகு அவள் கணவர் வந்து சொன்னார், அந்த வாரம் முழுக்க அவள் ஆபீஸில் தான் எழுதிய பழைய புரோகிராம்களை எல்லாம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. தப்பு தப்பாகவே தெரிந்தால் நாம் பிழைத்துக்கொள்வோம். “பதின்மூன்றாவது மாதம்” என்று மெசேஜ் வந்திருந்தால் அண்ணி விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு அந்த எல்.கே.ஜி. குரலில் ஒரு பிடி பிடித்திருப்பார். ஆனால் வந்தது ஆகஸ்ட் மூன்று. எந்தக் குறையும் சொல்ல முடியாத தேதி. மனசு கேட்டுக்கொண்டிருந்த பதில். அதை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் ஹேமாவையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனை மேனேஜரைப் பார்க்கப் போனேன். டை கட்டிய, மரியாதையான மனிதர். தண்ணீர் கொடுத்தார்.

“டெக்னிக்கல் இஷ்யூ சார். புது சாஃப்ட்வேர் மாத்தினப்ப வந்தது. வெண்டர்கிட்ட சொல்லியாச்சு. இனிமே வராது.”

“இனிமே வராது சரி” என்றாள் ஹேமா. “ஏற்கெனவே தப்பா போனவங்க? பன்னண்டாம் தேதிக்குள்ள வரச் சொன்ன எல்லாரையும் தேடி எடுக்கலாம் சார். அரை மணி நேர வேலை. போன் பண்ணிச் சொல்லிடலாம்.”

“எல்லாரையும் கூப்பிட்டா பேனிக் ஆயிடும் மேடம். மேனேஜ்மென்ட்ல பேசறோம்.”

பேசறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று வண்டலூர் போனபோது அண்ணி படுத்திருந்தார். வழக்குப் போடலாம், பத்திரிகையில் எழுதலாம் என்று நான் என்னென்னவோ பேசினேன். அண்ணி கேட்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்.

“எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னேனே தம்பி... அது பொய்யாப் போச்சே.”

உடம்பு முழுக்க நோய் பரவியிருக்கிறது. அதைப் பற்றி அந்த மனுஷி ஒரு வார்த்தை பேசவில்லை. தான் சொன்னது பொய்யாகிவிட்டது என்றுதான் அழுகிறார்.

“நீங்க பொய் சொல்லல அண்ணி. உங்களுக்குத் தப்பா சொன்னாங்க.”

“நான் சொன்னதை நம்பித்தானே அத்தனை பேரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க? திருத்திச் சொல்லணும்.”

பாஸ்டர் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். “சிஸ்டர், ஆண்டவருக்குத் தெரியும். திரும்ப எழுந்து சொன்னா, சில பேருக்கு விசுவாசம் தளர்ந்து போயிடும்” என்று தயங்கினார்.

அண்ணி படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்தார்.

“பாஸ்டர், என் விசுவாசம் ஆண்டவர் மேல. அந்த மெசேஜ் மேல இல்ல.”

பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழைத்துப் போனோம். அண்ணி மைக்கை வாங்கினார். உட்கார்ந்து பேசுங்கள் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நின்றார். அந்தப் பழைய குரல் இல்லை. சபை அத்தனை அமைதியாக இருந்ததால்தான் கேட்டது.

“போன தடவை நான் சொன்னது தப்பு. அஞ்சு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்கன்னு சொன்னேன். இல்ல. மார்ச்லயே வரச் சொல்லியிருக்காங்க. நம்பரைத் திருப்பிப் படிச்சு மெசேஜ் அனுப்பிட்டாங்க. எனக்கு வியாதி திரும்ப வந்துடுச்சு. அதுக்காக ஜெபம் பண்ணுங்க. இன்னொண்ணு... அந்த ஆஸ்பத்திரியில யாருக்காவது தேதி குடுத்திருந்தா, மெசேஜை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. நாளைக்கே நேர்ல போய்க் கேளுங்க. எந்த மாசம்னு பேரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்க.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. யாரோ விசும்பினார்கள். அண்ணி மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு இரவு வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார் என்று அண்ணன் சொன்னார்.

கடைசி வரிசையில் ஜெயா என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரும்புலியூரில் வீடு, கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கழுத்தில் ஒரு கட்டிக்காக அதே ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தாள். நவம்பர் ஐந்துக்குத் தேதி வந்திருந்தது. சரி, அவசரமில்லை போல என்று அவளும் இருந்துவிட்டாள். மறுநாள் போய்க் கேட்டால், அவளை வரச் சொன்னது மே பதினொன்று! தைராய்டில் புற்றுநோய். ஆனால் கழுத்தைத் தாண்டிப் போகவில்லை. அந்த மாதமே ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

சபையிலிருந்து இன்னும் சிலர் போனார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று ரிசப்ஷனில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மெசேஜ் போனது. “தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் வருகைத் தேதியில் மாற்றம் இருக்கலாம். உறுதி செய்துகொள்ளவும்.” மன்னிப்பு என்ற சொல்லுக்கு அதில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அண்ணிக்கு மறுபடி கீமோ ஆரம்பித்தார்கள். சுருட்டை முடி போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் அட்வென்ட் காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், ஒரு மத்தியான நேரத்தில், அண்ணன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். சபை கொள்ளாமல் கூட்டம். எல்.கே.ஜி. படித்த பிள்ளைகள் மீசையும் தாடியுமாக வந்து நின்றிருந்தார்கள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் ஜெயா என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஒரு டிபன் கேரியர் நிறையச் சாப்பாடு. வீட்டைப் பெருக்கி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

“அக்கா மட்டும் அன்னிக்கு எழுந்து சொல்லலேன்னா, நான் நவம்பர் வரிக்கும் குந்திகினே இருந்திருப்பேண்ணா. என் உசுரே அவங்க குடுத்தது” என்று என்னிடம் சொன்னாள். கழுத்தில் அந்தத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நல்ல பெண். அண்ணனும் அவளிடம் நன்றாகத்தான் பேசுவார். “உடம்பைப் பார்த்துக்கம்மா” என்பார்.

இரண்டு வாரத்துக்கு முன், அவள் போன பிறகு, நானும் அண்ணனும் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு. அண்ணன் கையை வைக்கவே இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய்... அவ நல்லா இருக்கணும். மனசாரச் சொல்றேன். தினமும் அவளுக்காக ஜெபம் பண்றேன். ஆனா அவ கதவைத் தொறந்து உள்ள வர்றப்பல்லாம், இவளுக்கு மட்டும் நேரம் இருந்துச்சேன்னு வயித்தெரிச்சலா இருக்குடா. ரூபி போய், இவ வர்றாளேன்னு இருக்கு. அந்தப் புள்ள என்னடா தப்பு பண்ணுச்சு? இப்படி நினைக்கறது பாவம்தானேடா?”

எழுபது வயதில், சோற்றில் கை வைக்காமல், சின்னப் பையன் மாதிரி என் முகத்தையே பார்த்தார்.

நாற்பது வருஷமாக வாராவாரம் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை.

உங்களில் யாருக்காவது வந்தால் எழுதுங்கள். அண்ணனுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.